கேட்கப்படாத சாட்சிகள்

பூங்காவைக் கண்டு திரும்புபவரிடம் ‘அனுபவம் எவ்வாறிருந்தது?’ என்று வினவுவது இன்று பல நாடுகளிலே வழக்கமாகிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவிலே தேசியப் பூங்காச் சேவை 1982 முதல் வருகையாளருக்கு வினாக்கொத்துக்களை முறையாக வழங்கி விடை திரட்டியது. பாதை செம்மையா, கூட்டம் தொல்லையா என்பன நல்ல கேள்விகளே. ஆனால் அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாகிய யெலோஸ்டோன் 1872இலே சட்டமானபோது, அம்மலைகளிலே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி மக்களிடம் அபிப்பிராயம் கேட்டார் எவருமிலர். சில ஆண்டுகளுள் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்பட்டவன் வருகையாளன் அல்லனே!

இக்கதை நமக்கு எதற்கு? சுண்டிக்குளத்தை நினைத்தே சொல்கின்றோம்.

குடாநாட்டின் தென்கிழக்கு ஓரத்திலே, கடலுக்கும் கடல்நீரேரிக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பு அது. மாரியிலே வலசைப் பறவைகள் வந்திறங்கும். பூநாரைக் கூட்டத்தைக் காணவே பலர் செல்வர். 1937இலே விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமாயிற்று. சரணாலயம் மனிதனை முற்றாக விலக்குவதன்று. அதனுள்ளே தனியார் காணியும் இருக்கலாம், குடியிருப்பும் இருக்கலாம். வலை வீசியவனும் நாரையும் ஒரே நீரிலே மீன் தேடினர். பின்னர் போர் வந்தது. மக்கள் இடம்பெயர்ந்து, 2009இன் பின் சிறுகச் சிறுக மீண்டனர். 2015இலே வர்த்தமானி அறிவித்தலால் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாக ‘உயர்த்தப்பட்டது’. எவருடைய உயர்வு? தேசியப் பூங்காவினுள்ளே அனுமதிச் சீட்டோடு புகுந்து பார்க்கலாம், பார்ப்பதற்கே அனுமதி. பாட்டன் வாடி அமைத்த மணலிலே பேரன், சட்டத்தின் கண்ணுக்கு, வெறும் வருகையாளன்.

அதே ஆண்டிலே நெடுந்தீவிலும் ஒரு தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. உல்லாசப் பயணி அங்கே தேடிச் செல்வது ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகளை. கோடையிலே குடிதண்ணீருக்கு அல்லலுறும் தீவு அது. குதிரைக்கும் குடியானவனுக்கும் தாகம் ஒன்றே. காலைப் படகிலே வந்து மாலைப் படகிலே மீளுபவர் இதையும் கண்டு எழுதுவாரென எதிர்பார்ப்பது நியாயமோ?

பறவைகளைக் காக்க வேண்டாமென நாம் சொல்லவில்லை. நீரேரி அழிந்தால் முதலிலே பட்டினி கிடப்பவன் கடற்றொழிலாளியே. வனசீவராசிகள் திணைக்களம் பூங்காக்களுக்கு வந்தோர் தொகையை உள்நாட்டவர், வெளிநாட்டவர் எனப் பிரித்து, சீட்டு வருமானத்தோடு கணக்கிட்டு வைக்கின்றது. அக்கணக்கிலே இன்னொரு நிரல் வேண்டும். சீட்டு வாங்காமல், விடியுமுன் தோளிலே வலையோடு வருபவனுக்கான நிரல். அவனிடம் கேட்க எத்தனையோ உண்டு: இவ்வாண்டு பூநாரை எந்நாளிலே வந்தது? நீர் எவ்வளவு ஏறியது? மீன் எங்கே ஒதுங்கியது?