எண்கணிப்பு நிரல்மொழியில் புள்ளி: மேட்லேப் மொழியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மேட்லேப் மொழியில் புள்ளி என்னும் ஒரே குறி பல பணிகளை ஏற்றுள்ளது. தசம எண்ணைக் குறித்தல், உறுப்புவாரிக் கணிப்பை உணர்த்தல், வரி தொடர்வதை அறிவித்தல், கட்டமைப்பின் புலத்தைச் சுட்டுதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் உறுப்புவாரிக் கணிப்புக்குரிய புள்ளி, எப்பெருக்கலை இயல்பானதாகக் கொள்வது என்ற முடிவின் விளைவு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றச் சூழல்

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த கிளீவ் மோலர், ஃபார்ட்ரான் நிரல் எழுதாமலேயே லின்பேக், ஐஸ்பேக் ஆகிய நிரல் தொகுப்புகளை மாணவர் பயன்படுத்துவதற்காக 1970களின் பிற்பகுதியில் மேட்லேப்பை உருவாக்கினார். அதன் அடிப்படைத் தரவு அணியாகும். எனவே உடுக்குறி (*) அணிப் பெருக்கலுக்கு உரியதாயிற்று. ஒத்த இடத்திலுள்ள உறுப்புகளைப் பெருக்க, அக்குறியின் முன் புள்ளி (.*) இடப்பட்டது. விசைப்பலகையில் குறிகள் குறைவாக இருந்த நிலையில், இருக்கும் குறியோடு புள்ளியைச் சேர்ப்பதே எளிய வழியாக அமைந்தது. தொடக்ககால மேட்லேப்பில் இருபுறமும் புள்ளியுடைய குறி (.*.) க்ரோனெக்கர் பெருக்கலைக் குறித்தது. பின்னர் அது வழக்கொழிந்து, அப்பணி தனிச் சார்புக்கு உரியதாயிற்று.

புள்ளி விடுபடின்

முதல் வரிசையில் 1, 2 என்பனவும் இரண்டாம் வரிசையில் 3, 4 என்பனவும் கொண்ட அணியை அதனாலேயே பெருக்கினால் 7, 10. 15, 22 என்ற அணி கிடைக்கும். புள்ளியுடன் பெருக்கினால் 1, 4. 9, 16 என்பதே விடை. சதுர அணிகளில் இரு கணிப்புகளும் செல்லுபடியாகும். ஆதலால் புள்ளி விடுபட்டாலும் கணினி பிழையறிவிப்பு தராது. தவறான விடை சரியான விடையின் தோற்றத்திலேயே வெளிப்படும். கலப்பெண் அணிகளை இடமாற்றும்போதும் இத்தகைய நிலை உண்டு. மேற்கோள் குறி (') மட்டும் இட்டால் உறுப்புகள் இணைக் கலப்பெண்களாகவும் மாறும், புள்ளி சேர்ந்தால் (.') இடமாற்றம் மட்டுமே நிகழும்.

பிற மொழிகளுடன் ஒப்பீடு

கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் மொழி இதற்கு நேர்மாறானது. அங்கு பெருக்கற்குறி (×) உறுப்புவாரிப் பெருக்கலைச் சுட்டும், அணிப் பெருக்கலுக்கே புள்ளி தேவைப்படும் (+.×). அங்குப் புள்ளி, கூட்டலையும் பெருக்கலையும் பிணைக்கும் செயற்குறியாகும். பைத்தானின் நம்பை நூலகமும் அதன் வழக்கமான அணிவரிசைகளுக்கு உடுக்குறியை உறுப்புவாரிப் பெருக்கலுக்கே அளித்தது. அணிப் பெருக்கலுக்கென @ குறி 2015இல் வெளிவந்த பைத்தான் 3.5 பதிப்பில் இடம்பெற்றது. மேட்லேப்பின் மரபைப் பின்பற்றிய ஜூலியா மொழியோ, புள்ளியைச் செயற்குறிகளோடு நிறுத்தாமல் எந்தச் சார்பையும் உறுப்புதோறும் செலுத்தும் பொதுக்குறியாக விரிவுபடுத்தியது.

பிற்காலப் பணிகள்

1996இல் மேட்லேப்பில் கட்டமைப்புகள் அறிமுகமானபோது, சி மொழியில் வழங்கியவாறே, புலத்தைச் சுட்டும் பணியும் புள்ளிக்கு வந்தது. பணிகள் பெருகியதால் பொருள் மயக்கமும் எழக்கூடும். காட்டாக, எண் ஒன்றையடுத்துப் புள்ளியும் வகுத்தற்குறியும் வரும்போது (1./), அப்புள்ளி தசமப் புள்ளி போலத் தோன்றினும் மொழி அதனைச் செயற்குறியின் பகுதியாகவே கொள்கிறது.

முடிவுரை

மேட்லேப் நேரியல் இயற்கணித வகுப்பறையின் தேவையிலிருந்து பிறந்தது. ஆதலின் அங்கு அணிப் பெருக்கல் இயல்பாகவும் உறுப்புவாரிப் பெருக்கல் புள்ளியால் வேறுபடுத்தப்பட்டதாகவும் அமைந்தன. ஏபிஎல் இவ்வொழுங்கைத் தலைகீழாகக் கொண்டது. ஆகவே ஒரு நிரல்மொழியில் எது குறியின்றி நிற்கிறது, எது கூடுதல் குறி பெறுகிறது என்பதை நோக்கின், அம்மொழி எப்பயனருக்காக எழுந்தது என்பதை அறியலாம்.