ஏசப்பட்ட இறைவனும் ஏவப்பட்ட சட்டமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுவழியிலே சோழர் கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931 இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் ஒன்று சுந்தரர் கதை. மணப்பந்தலிலே கிழவனாய் வந்து, மணமகனைத் தன் அடிமை என்று வழக்காடுகிறான் சிவன். பித்தன் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறான் மணமகன். ஏசப்பட்ட இறைவன் சீறினானா? இல்லை! அந்த ஏச்சையே முதற்சொல்லாக்கிப் பாடச் சொன்னானாம். கதையை நாம் நம்பவில்லை. நம்பியவர்கள் கோயிற் சுவரிலேயே அதைத் தீட்டினர் என்பதை மறுப்பாருண்டோ?

இத்தகைய நாட்டிலே, கடவுளின் மானத்தைக் காவலர் காக்க வேண்டும் என்னும் எண்ணம் எப்படி வேரூன்றியது? வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி வங்கத்தில் நடந்த கேலி நாடகம் ஆள்வோரைச் சுட்டது; 1876 இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. லாகூர் நூல் வழக்கொன்றின் விளைவாக, 1927 இல் மத உணர்வைப் புண்படுத்துவோரைத் தண்டிக்கும் 295ஏ பிரிவு வந்தது. வெள்ளையர் போயினர், அவர்தம் விலங்கு போகவில்லை!

1952 இல் வெளிவந்தது ‘பராசக்தி’. உரையாடல் தீட்டியவர், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளை தந்த கலைஞர் மு. கருணாநிதி. கோயிலுக்குள்ளேயே பெண்ணைச் சூறையாட முனையும் பூசாரியைப் படம் காட்டிற்று. தடை செய்க என்று கூக்குரல் எழுந்தது. படத்திலே சாடப்பட்டது தேவியா? அல்ல, தேவியின் பெயரால் பிழைக்கும் கயவன்! பூசாரியைச் சாடினால் புனிதம் போயிற்று என்பது எவ்வூர் நியாயம்?

எம். ஆர். ராதாவின் இராமாயண நாடகம் ஊர்தோறும் சிந்தனையைக் கிளறிய காலத்தில், 1954 இல், சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிற்று. அதன் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2013 இல்! 59 ஆண்டுகள் கலைஞர்தம் தலைமேல் வாள் தொங்கிற்று. 295ஏ பிரிவோ 2024 இல் எண் மாறி, புதிய தண்டனைச் சட்டத்தின் 299 ஆம் பிரிவாக வாழ்கிறது.

மனிதரைத் தாக்கத் தூண்டுவோனைச் சட்டம் தண்டிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. கருத்துக்குக் கத்தரிக்கோல் ஏன்? கோயிற் சுவரிலே இடம்பெற்ற ஏச்சுக்குத் திரையிலே இடமில்லையெனில், அஞ்சுவது ஆண்டவனல்லன். அவன் பெயரால் ஆள்வோரே!