கோணிப்போன செவ்வகம்

ஜன்னல் கதவு சட்டத்தில் படியாமல் நின்றால், தச்சர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார்: "சட்டம் கோணிப்போச்சு." வடிவியல் புத்தகம் அதே வடிவத்தை இணைகரம் என்கிறது.

கோண் என்றால் வளைவு. கோணல், கோணுதல் எல்லாம் அதன் சுற்றம். வடமொழியிலும் கோண என்ற சொல் உண்டு. யாரிடமிருந்து யார் பெற்றார்கள் என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. கிரேக்கத்தில் கோணத்துக்குக் 'கோனியா' என்று பெயர். அது முழங்காலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஓசை ஒத்திருப்பதை வைத்துத் தமிழோடு உறவு சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கேயும் மடங்குவதைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது செங்கோணம். இதில் வரும் செம்மை நிறமன்று, நேர்மை. திருக்குறளின் 55, 56ஆம் அதிகாரங்களான செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் கோல் நிமிர்ந்ததையும் வளைந்ததையும் வைத்தே அரசை அளக்கின்றன. வளைவைக் குறிக்கும் சொல்லோடு நேர்மையைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து 90 பாகைக்குப் பெயரிட்டவர் நல்ல காது உடையவர். செவ்வகத்தில் இருப்பதும் அதே செம்மைதான்.

சட்டம் கோணும்போது பக்கங்களின் நீளம் மாறுவதில்லை. ஒரு மூலை 90இலிருந்து 70 பாகைக்குச் சுருங்கினால், அடுத்த மூலை 110 ஆக விரியும். எதிர் மூலை மறுபடி 70. ஒரு மூலை இழந்ததை அடுத்த மூலை வாங்கிக்கொள்வதால், அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து எப்போதும் 180. எதிர்ப்பக்கங்கள் இணையாக இருப்பதன் விளைவு இது. இணைகரத்தில் எதிர்ப்பக்கங்களும் எதிர்க்கோணங்களும் சமம் என்பதை யூக்ளிட் தம் முதல் நூலின் 34ஆம் தேற்றத்தில் நிறுவினார். இணைகரத்தின் கிரேக்கப் பெயர் இணைகோடுகளைச் சொல்கிறது. தமிழ் கோட்டைக் கரமாக்கிவிட்டது. நாற்கரத்திலும் கரமே. இலங்கைப் பாடநூல்களில் அது நாற்பக்கல்.

தச்சர் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பார். மூலைக்கு மூலை நூலும் பிடிப்பார். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து குறுக்களவு இரண்டும் ஒத்துவந்தால் செவ்வகம். ஒன்று நீண்டால் கோணல். நீண்ட குறுக்களவின் இரு மூலைகளை அழுத்திச் சரிசெய்து, குறுக்கே ஒரு கட்டை அடிப்பார். இப்போது சட்டத்துக்குள் இரண்டு முக்கோணங்கள். மூன்று பக்கமும் நிலைத்துவிட்டால் முக்கோணம் கோணாது.