முத்தும் வெளுக்கும், பல்லும் வெளுக்கும்... கேப் வெளுக்குமா?

தூத்துக்குடிக் கடலோரத்தில் வெள்ளைக்கு எப்போதும் தனி விலை உண்டு. உப்பானாலும் சரி, முத்தானாலும் சரி. சலாபம் (முத்துக்குளிப்பை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்) நடக்கும்போது கிடைத்த முத்துக்களை ஓட்டை போட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து அளவு பிரிப்பார்கள். அதற்கப்புறம் வடிவமும் பளபளப்பும் பார்த்து ரகம் பிரிப்பார்கள். உருண்டு திரண்டு ஒளியோடு இருந்தால் ஆணிமுத்து. அதற்குக் கீழே குறுவல் போன்ற பல ரகங்கள், கடைசியில் தூள். எல்லாம் ஒரே கடலில் எடுத்ததுதான், ஆனால் நிறம் மங்கினால் விலை போச்சு!

அதனால் மங்கிய முத்தை வெளுக்க ஆட்கள் பல வழி தேடினார்கள். அதில் ஒன்று வேடிக்கையானது. முத்தைத் தீனியோடு கோழிக்குக் கொடுத்து, சிறிது நேரத்தில் கோழியை அறுத்து முத்தை எடுப்பார்களாம். இலங்கையில் இந்த வழக்கம் இருந்ததாக 19ஆம் நூற்றாண்டு நூல்கள் சொல்கின்றன. கோழியின் வயிற்று அமிலம் மேல் அடுக்கைக் கரைக்கும், அடியில் இருக்கும் புது அடுக்கு பளபளக்கும். நேரம் தாண்டினால் முத்தே சிறுத்துவிடும். கையால் மேல் தோலை உரித்து எடுப்பவர்களும் இருந்தார்கள். அதுவும் சூதாட்டம் மாதிரிதான். உள்ளே நல்ல அடுக்கு இருந்தால் லாபம், இல்லையென்றால் நஷ்டம்.

பிறகு வந்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. ஜப்பானில் வளர்ப்பு முத்துக்களை இதில் ஊற வைத்துத்தான் நிறம் சீர் செய்கிறார்கள். முத்து வெறும் சுண்ணாம்பு இல்லை. சுண்ணாம்பு அடுக்குகளுக்கு நடுவே சிப்பி சுரந்த கரிமப் பொருளும் இருக்கிறது. பெராக்சைடு அதில் உள்ள கறையை உடைக்கிறது.

பல்லிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். டீ, வெற்றிலை, வயது எல்லாம் சேர்ந்து பல்லுக்குள் ஊறிய நிறத்தைப் பெராக்சைடு உடைக்கும். 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஒரு அச்சில் ஊற்றி இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் முறையை வெளியிட்டார்கள். இன்று வீட்டில் செய்யும் பல் வெளுப்புக்கு அதுதான் மூலம்.

சரி, கேப் போட்டவர்கள் என்ன செய்வது?

டெட்ராய்ட் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட் 1889இல் பீங்கான் கேப்புக்குக் காப்புரிமை வாங்கினார். (அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் தாண்டிய லிண்ட்பெர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்!) 1962இல் உலோகத்தின் மேல் பீங்கானை உருக்கி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வந்தது. இரண்டிலும் நிறம் சூளையில் வேகும்போதே உள்ளே போய்விடுகிறது. பெராக்சைடு உடைக்க அங்கே ஊறிய கறை எதுவும் கிடையாது. ஒரு வாரம் ஜெல் போட்டாலும் கேப் அப்படியேதான் இருக்கும். பக்கத்துப் பற்கள் மட்டும் வெளுத்து, நேற்று வரை யாருக்கும் தெரியாமல் இருந்த கேப் இன்று தனியாகத் தெரியும்.

இதை விளங்கிக்கொள்ள தூத்துக்குடியிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1961க்குப் பிறகு அங்கே சலாபம் நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார். சிப்பிக்குள் ஒரு சின்ன உருண்டையை வைத்தால் சிப்பி அதன்மேல் முத்துப் பூச்சைச் சுரந்து மூடும். ஒரு விதத்தில் அதுவும் கேப் போட்ட முத்துதான். ஆனால் அந்தக் கேப் உயிர் சுரந்தது, பெராக்சைடுக்கு மசியும். சூளையில் வெந்தது மசியாது.

உப்பும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்த்தால்? அது முத்தின் தோலை உரிப்பது போன்ற வேலை. முத்துக்காவது அடியில் இன்னொரு அடுக்கு இருக்கும். பல்லின் எனாமல் தேய்ந்தால் திரும்ப வளராது. கேப்பின் மேல் மினுக்கம் கீறிப் போனால் பிறகு கறை இன்னும் சுலபமாக ஏறும். எலுமிச்சைச் சாறு தேய்ப்பது, கோழி வயிற்றுக்குள் போன முத்தின் கதி! கேப்பின் மேலே படிந்த கறை மட்டும்தான் என்றால் டாக்டரே மெருகேற்றி எடுத்துவிடுவார்.

கேப்பின் நிறமே ஒத்துப்போகவில்லை என்றால் அதை மாற்ற வேண்டியதுதான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் சொந்தப் பற்களை வெளுக்க வேண்டும். நிறம் நிலைக்க சுமார் 2 வாரம் பொறுக்க வேண்டும். வெளுத்த உடனே ஒட்டினால் பசையும் சரியாகப் பிடிக்காது. அப்புறம் டாக்டர் 16 நிறம் உள்ள மாதிரிப் பட்டையைப் பல்லருகே வைத்து, முத்து வியாபாரி ரகம் பார்ப்பது போலக் கண்ணால் பார்த்துப் புது கேப்புக்கு நிறம் தேர்ந்தெடுப்பார். கல்யாணம் வருகிறதே என்று அவசரப்பட்டு கேப்பை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் பல்லை வெளுத்தால், அந்த கேப்புக்கு இன்னொரு முறை காசு கட்ட வேண்டும்.