இலையில் தொடங்கும் அடையாளம்: திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் பட்டாம்பூச்சி ஆய்வின் வளர்ச்சி

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே இரு ஆறுகளுக்கும் நடுவே நீளும் நிலம் ஸ்ரீரங்கம் தீவு. இத்தீவின் மேலூர்ப் பகுதியில், மேலணைக் காப்புக்காட்டுக்குள் 27 ஏக்கரில், தமிழ்நாடு வனத்துறையின் பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கிறது. 2015 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆசியாவிலேயே பெரியது என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பெருமையைவிட, பறந்துபோகும் ஒரு பூச்சியை ‘இன்னது’ என்று அங்குள்ள ஊழியர் ஒருவர் தயங்காமல் சொல்லும்படி செய்த அறிவு எந்த வழியாக வந்தது என்ற கேள்விதான் ஆராயத் தக்கது. இரண்டரை நூற்றாண்டுக் காலத்தில் அது ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்கு நகர்ந்திருக்கிறது: முதலில் சிறகு, பிறகு புழு, பிறகு புழு தின்னும் இலை. திருச்சியின் பங்களிப்பு இந்த மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது. அதைச் செய்தவர் பூச்சியியலாளர் அல்லர், தாவரவியலாளர் என்பதை இதுவரை எழுதப்பட்ட வரலாறுகள் போதுமான அளவு கவனிக்கவில்லை.

தொடக்கம் சோழமண்டலக் கடற்கரையில். லின்னேயஸின் மாணவரான ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக், 1768இல் தரங்கம்பாடி டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார். 1770களில் ஆற்காட்டு நவாபிடம் இயற்கையியலாளராகப் பணியாற்றினார், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்தார். அவர் திரட்டியனுப்பிய செடிகளும் பூச்சிகளும் ஐரோப்பியச் சேகரிப்புகளை நிறைத்தன. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ், 1775இல் வெளியிட்ட தம் பூச்சியியல் நூலில் தென்னிந்தியப் பட்டாம்பூச்சிகள் பலவற்றுக்குப் பெயர் சூட்டினார். திருச்சியைச் சுற்றியுள்ள முட்புதர் நிலங்களில் பறக்கும், சிறகு முனை செஞ்சிவப்பான சிறு வெள்ளைப் பட்டாம்பூச்சியின் அறிவியல் பெயர் அந்த ஆண்டைத் தாங்கியதுதான். கோனிக்கின் பெயரோ ஒரு செடியில் நிலைத்துவிட்டது. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘கோனிகியை’ அவரைக் குறிப்பதே.

அந்தக் கறிவேப்பிலையை உண்டு வளரும் பட்டாம்பூச்சியே, சிறகை மட்டும் வைத்து இனம் பிரிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதை உலகுக்குக் காட்டியது. கறிவேப்பிலை அழகியின் ஆண் கருப்பு நிறம். பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகள் ஒரு பட்டையாக ஓடும். பெண்ணுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போலவும், மூன்றாவது சிவப்புடல் அழகியைப் போலவும் இருக்கும். 1758இல் லின்னேயஸ் ஆணுக்கு ஒரு பெயரும் பெண் வடிவம் ஒன்றுக்கு வேறொரு பெயரும் வைத்து, இரண்டு இனங்களாக எழுதிவிட்டார். சிவப்புடல் அழகியைப் போன்ற வடிவத்துக்கு 1775இல் கிராமர் மூன்றாவது பெயர் தந்தார். இவையெல்லாம் ஒரே இனத்தின் பெண்கள் என்று ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் வாதிட்டார். அதன் பிறகே குழப்பம் தெளியத் தொடங்கியது. இலங்கையில் ஜே.சி.எஃப். ஃப்ரையர் தலைமுறை தலைமுறையாகப் புழுக்களை வளர்த்து, இந்த வடிவங்கள் பரம்பரையாக இறங்குவதை 1913இல் நிறுவினார். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு தோற்றமுள்ள பெண்கள் வெளிவந்தன. ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒற்றை மரபணுவே இந்த வேடத்தை ஆட்டுவிக்கிறது என்பதை 2014இல் கிருஷ்ணமேக் குந்தேவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள்.

வேடம் எதற்கு என்பதற்கு விடை மீண்டும் செடியில் இருக்கிறது. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகியவற்றைத் தின்று வளர்பவை. அந்தச் செடிகளின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, சிறகு முளைத்த பின்னும் தங்குகிறது. ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்தத் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கி உயிர் பிழைக்கிறது. களத்தில் இவற்றைப் பிரித்தறிய உடலைப் பார்த்தால் போதும். நஞ்சுள்ள இரண்டுக்கும் உடலில் சிவப்பு இருக்கும், வேடம் போடும் பெண்ணின் உடல் கருப்பு. ஸ்ரீரங்கத்தில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இல்லாத கொல்லை அரிது. திருவானைக்காவல் பக்கம் போனால் வில்வமும் உண்டு. மூன்றும் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி இரண்டுக்கும் உணவு. ஆனால் வேடம் பலிக்க அருகில் ஈசுரமூலிக் கொடியும் படர்ந்திருக்க வேண்டும். அசல் இல்லாத ஊரில் போலிக்கு மதிப்பில்லை. ஆகவே சிவப்புடல் அழகியைப் போன்ற கறிவேப்பிலை அழகியை நீங்கள் பார்த்தால், கொல்லைக்கு அப்பால் எங்கோ ஒரு வேலியில் ஆடுதின்னாப்பாளையோ ஈசுரமூலியோ இன்னும் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தியப் பட்டாம்பூச்சிகளுக்குப் பெரும் பட்டியல்கள் வந்தன. மார்ஷலும் டி நிஸ்வில்லும் 1882 முதல் வெளியிட்ட தொகுதிகள், பிங்காமின் 1905, 1907 தொகுதிகள், டபிள்யூ.எச். எவன்ஸின் 1927ஆம் ஆண்டு இனங்காணல் நூல் ஆகியவை இவற்றில் தலையானவை. எவன்ஸ் ராணுவ அதிகாரி. அவருடைய நூல் கண்டிப்பான வரிசையில் நரம்பு, புள்ளி, கோடு என்று கேள்வி கேட்டுக்கொண்டே போய் இனத்தில் கொண்டுவிடும். ஊசி குத்திய பூச்சி கையில் இருந்தால் அது இன்றும் அருமையான நூல்தான். ஆனால் இந்தப் பட்டியல்களுக்குச் சரக்கு வந்தது பெரும்பாலும் மலைகளிலிருந்து. தென்னாட்டில் நீலகிரிக்கு ஹாம்ப்சன் 1888இல் ஒரு பட்டியல் போட்டார். விண்டர் பிளைத் 1940களில் இன்னொன்று எழுதினார். டோர்பன் லார்சன் 1980களில் மூன்றாவதை எழுதினார். கொடைக்கானல் செண்பகனூரில் சேசு சபையார் தங்கள் அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சிகளைச் சேர்த்து வைத்தார்கள். கோடையில் அதிகாரிகளும் பாதிரிமார்களும் மலையேறினார்கள், வலையும் கூடவே ஏறியது. வெயிலில் காயும் சமவெளி பின்தங்கியதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

சமவெளியைப் பெயரிலேயே தாங்கிய ஒரு தொடர் வந்தது, அதுவும் வேறொரு கடற்கரையிலிருந்து. கார்வார் பக்கம் வனத்துறையில் இருந்த டி.ஆர். பெல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1909 முதல் ‘இந்தியச் சமவெளிகளின் சாதாரணப் பட்டாம்பூச்சிகள்’ என்ற பொருளில் நீண்ட தொடர் ஒன்றை எழுதினார். அதற்கு முன்பே, 1896இல் டேவிட்சன், எய்ட்கன் ஆகியோருடன் சேர்ந்து வட கன்னடப் பட்டாம்பூச்சிகளைப் பற்றி எழுதியிருந்தார். முட்டையைத் தேடிப்பிடித்து, புழுவை அதன் செடியிலேயே வளர்த்து, கூட்டுப்புழு தொங்கும் விதம் வரை குறித்துவைத்தது இவர்களுடைய முறை. என் பார்வையில் இந்தியப் பட்டாம்பூச்சி இயலின் மிகப் பெரிய திருப்பம் எவன்ஸின் நூல் அல்ல, பெல்லின் இந்தப் பொறுமைதான். இனத்தின் அடையாளத்தில் அதன் உணவையும் அவர் சேர்த்துவிட்டார். ஆனால் மேற்குக் கரையின் அடைமழைக் காட்டுச் செடிகள் காவிரிக் கரைக்கு அப்படியே பொருந்தாது. இங்குள்ள செடிகளைத் தெரிந்தவர் ஒருவர் வேண்டியிருந்தது.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர் தாவரக் காப்பகம் தொடங்கியது. அருட்தந்தை கே.எம். மேத்யூ அதை உருவாக்கி, மாணவர்களோடு கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் காவிரிச் சமவெளியிலும் ஆண்டுக்கணக்கில் திரிந்து செடி சேகரித்தார். அதன் விளைவே 1981 முதல் 1983 வரை மூன்று தொகுதிகளாக வந்த ‘தமிழ்நாடு கர்நாடகப் பகுதியின் தாவரங்கள்’. பச்சைமலை, கொல்லிமலை முதல் வயல் வரப்பு வரை எந்தச் செடி எங்கே, எந்த மாதம் பூக்கிறது, காய்க்கிறது என்று அதில் பார்க்கலாம். மேத்யூ 2004இல் மறைந்தார். அவர் எழுதியது பட்டாம்பூச்சி நூல் அல்ல. ஆயினும் இந்த வட்டாரத்துப் பட்டாம்பூச்சிகளைத் தேடுகிறவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இதன் பயனை மிகச் சிறிய பூச்சிகளிடம் பார்க்க வேண்டும். புல்தரையில் கட்டைவிரல் நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சிகள் தாழப் பறக்கும். நான்கு இனங்கள் உண்டு, நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். சிறகின் அடிப்புறத்துப் புள்ளிகளை எண்ணிக் கண் வலித்தவர்கள் ஏராளம். புழுக்களைத் தேடினால் கதை மாறுகிறது. ஒன்று புளியாரையில் வளர்கிறது. ஒன்று கீரைச் செடிகளிலும் நெருஞ்சியிலும் இருக்கிறது. ஒன்று பயறு குடும்பத்துச் சிறு செடிகளைத் தேடுகிறது. எல்லாவற்றிலும் சிறியது நீர்முள்ளியும் ஆடாதொடையும் அடங்கிய குடும்பத்தை நம்பியிருக்கிறது. தாய் முட்டையிடுவதைப் பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். கொன்றை வெள்ளையனுக்கும் இதே கதைதான். ஃபாப்ரிசியஸ் அதன் ஒரு வடிவத்தையும் கிராமர் இன்னொன்றையும் தனி இனங்களாகப் பெயரிட்டார்கள். கொன்றை இலையில் வளர்த்துப் பார்த்தபோது ஒரே இனத்தின் வடிவங்கள் என்று தெரிந்தது. வெந்தய வரியனைத் தேட எருக்கைப் பார்த்தால் போதும், அதற்கு ஆராய்ச்சியே வேண்டாம்.

சிறகிலிருந்து இலைக்கு நகர்ந்த இந்த மாற்றத்தை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் முடுக்கியது. 2022 திருத்தத்துக்கு முன்பு சிவப்புடல் அழகி அதன் முதல் அட்டவணையிலேயே இருந்தது. வலை வீசிப் பிடித்து ஊசி குத்தும் காலம் முடிந்து, டிஜிட்டல் கேமரா அந்த இடத்துக்கு வந்தது. குந்தேயின் 2000ஆம் ஆண்டுத் தீபகற்ப இந்திய நூலும், ஐசக் கெஹிம்கரின் 2008ஆம் ஆண்டுக் கையேடும் உயிருள்ள பூச்சியைப் பார்த்து இனம் காண்பவர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழில் ஆர். பானுமதி எழுதிய அறிமுகக் கையேட்டை க்ரியா வெளியிட்டது. தமிழ்ப் பெயர்களோடு வெளியே போகும் பள்ளிப் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுவதும் ஆர்வலர்கள் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்கிறார்கள்.

மேலூர்ப் பூங்கா இந்த வரலாற்றின் வாரிசு. முட்டையிடச் செடி, தேனுக்குச் செடி என்று இருவகையும் நட்டு, புழு வளர்க்கும் ஆய்வகமும் வைத்திருக்கிறார்கள். வரியன்கள் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே கூட்டமாக இடம்பெயர்வதை 1920களிலேயே சி.பி. வில்லியம்ஸ் தொகுத்து எழுதினார். குந்தே 2005இல் விரிவாக ஆராய்ந்தார். வழியில் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் கண்டால் இவை மொய்க்கும். ஆண்கள் அச்செடிகளிலிருந்து உறிஞ்சும் ஆல்கலாய்டுகள் இனச்சேர்க்கைக்கான மணமாகவும் பாதுகாப்பாகவும் பயன்படுகின்றன. கிலுகிலுப்பை வளர்க்கும் பூங்கா இப்படிப் பறந்து களைத்தவற்றுக்கு நல்ல தங்குமிடம்.

ஆனால் தீவு ஈரநிலம். வாழையும் தென்னையும் நெல்லும் ஆற்றுப் படுகையும் சேர்ந்த வாழிடம் அது. திருச்சி மாவட்டத்தின் தனித்துவமான பட்டாம்பூச்சிகள் அங்கே அல்ல, மாவட்டத்தின் வறண்ட முட்புதர்களில் இருக்கின்றன. விழுதி, ஆதொண்டை, கருஞ்சூரை ஆகிய செடிகளை நம்பி வாழும் சிவப்பு முனை, ஆரஞ்சு முனை வெள்ளையன்கள் பல உண்டு. உகாய் மரத்தை நம்பிய இளஞ்சிவப்பு இனமும் உண்டு. ஃபாப்ரிசியஸ் 1775இல் பெயர் சூட்டியவை இவற்றில் சில. இந்தச் செடிகள் நிற்கும் நிலத்துக்கு வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் பெயர். மரம் நடுவதற்கும், மனை போடுவதற்கும், கல் உடைப்பதற்கும் முதலில் போவது அந்த நிலம்தான். 2019இல் தமிழ்நாடு மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பூச்சி. அறிவிப்பு வரவேற்கத் தக்கது. ஆயினும் மலைக்கே முதலிடம் கொடுக்கும் பழைய வழக்கம் அதிலும் தொடர்கிறது என்பதை மறுக்க முடியாது.

இதற்கு ஒரு வழி கைவசமே இருக்கிறது. ராப்பினாட் காப்பகத்தின் ஒவ்வொரு தாளிலும் செடி எடுத்த ஊரும் தேதியும் எழுதப்பட்டிருக்கின்றன. விழுதி, ஆதொண்டை, கருஞ்சூரை, உகாய், ஆடுதின்னாப்பாளை ஆகிய ஐந்து செடிகளின் தாள்களை மட்டும் எடுத்து, அந்த இடங்களுக்கு மீண்டும் போய், செடி இருக்கிறதா, அதில் புழு இருக்கிறதா என்று இரண்டு பருவங்களில் பார்க்கலாம். நாற்பது, ஐம்பது ஆண்டு இடைவெளியில் எந்த வாழிடம் போனது, எது நிற்கிறது என்பதற்கு ஊர்வாரியான சான்று அதிலிருந்து கிடைக்கும். மேலூர்ப் பூங்காவின் புழு ஆய்வகமும் கல்லூரியின் தாவரக் காப்பகமும் ஒரே நகரத்தில்தான் இருக்கின்றன. பூச்சி தெரிந்தவர்களும் செடி தெரிந்தவர்களும் ஒரே வேனில் கிளம்ப வேண்டிய வேலை அது.