பலகையும் திரையும்: இளையோர் பற்றிய ஓர் எடுகோள்

2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நான் தரம் 10 வகுப்பொன்றுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் மாறின. ஆசிரியர்களாகிய எங்களுக்கிருந்த பயமெல்லாம் எங்களைப் பற்றியதுதான். "நமக்குத்தான் இது புதுசு, புள்ளைகளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றார் மூத்த ஆசிரியர் ஒருவர். ஒருவரும் மறுக்கவில்லை.

அந்த வகுப்பில் ஒரு மாணவன் ஒப்படை எதையுமே அனுப்பவில்லை. ஆனால் இரவு பத்தரைக்கும் பதினொன்றுக்கும் அவனது இலக்கம் வட்ஸ்அப்பில் விழித்திருப்பதை நான் பார்த்தேன். பாடசாலை திறந்ததும் அவனுடைய அறிக்கையில், "தொலைபேசியில் நேரத்தை வீணாக்குகிறார், பாடத்தில் அக்கறையில்லை" என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"போன் வாப்பாட சேர். அவர் வேலையால வர இஷாவாகும். தாத்தாக்கும் ஏ.எல். பாடம். அவ முடிச்ச பொறகுதான் எனக்குக் கிடைக்கும்."

"அப்ப அந்த நேரத்தில செஞ்சு அனுப்பியிருக்கலாமே மகன்?"

"செஞ்ச சேர். எட்டுப் பக்கத்தையும் படமெடுத்த. ஒண்டாச் சேர்த்து அனுப்பச் சொன்னீங்க. அது எப்படி எண்டு தெரியாது."

அதைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. அவனுக்கு வயது 15. அந்த வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமலிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால், இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அதற்கு இப்போதுள்ள பெயரைக் கொடுத்தவர் மார்க் பிரென்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர். 2001இல் எழுதிய ஒரு கட்டுரையில், கணினியோடும் விளையாட்டுத் திரைகளோடும் வளர்ந்த மாணவர்களை 'டிஜிட்டல் உலகின் பூர்வீகக் குடிகள்' என்றும், பிந்தி வந்து அதைக் கற்றுக்கொள்ளும் ஆசிரியர்களை 'குடியேறியவர்கள்' என்றும் அவர் பிரித்தார். பூர்வீகம், வந்தேறு என்ற சொற்கள் நம் சமூகத்துக்குப் புதியவையல்ல. 1885இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனப் பூர்வீகம் பற்றிச் சட்டநிரூபண சபையில் சொன்னவற்றுக்கு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் நூலாகவே பதில் எழுத வேண்டியிருந்தது. மனிதரைப் பிறப்பால் இரண்டாகப் பிரிக்கும் சொல் எதையெல்லாம் மறைத்துவிடும் என்று அறிந்த நாம், வகுப்பறைக்குள் அதே பிரிப்பு வந்தபோது யோசிக்காமல் ஏற்றுக்கொண்டோம்.

பிரென்ஸ்கியின் பிரிப்பு சோதனைக்கு நிற்கவில்லை. எட்டாம் தர மாணவர்களின் கணினி, தகவல் அறிவை அளவிட 2013இல் ஒரு சர்வதேச ஆய்வு நடந்தது. பங்கேற்ற நாடுகளைச் சராசரியாகப் பார்த்தால், 100க்கு 17 பேர் ஆகக் கீழான மட்டத்தையும் எட்டவில்லை. கிடைக்கும் தகவலைத் தானாகத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் ஆக உயர்ந்த மட்டத்தை எட்டியோர் 2 பேர் மட்டுமே. இவர்கள் அனைவரும் பிரென்ஸ்கியின் கணக்கில் பூர்வீகக் குடிகள்.

சாதனத்தைக் கையில் கொடுத்துவிட்டால் மற்றதைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையையும் ஒரு நாடு சோதித்துப் பார்த்தது. 'பிள்ளைக்கொரு மடிக்கணினி' திட்டத்தின் கீழ் பெரு நாடு 8 இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வாங்கிப் பகிர்ந்தது. அங்கே 319 கிராமப்புறப் பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. கணினிப் பாவனை கூடியிருந்தது. கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தென்படவில்லை. இந்த நம்பிக்கையும் கணினியோடு வந்ததல்ல. இனிப் பாடசாலைகளில் புத்தகம் தேவைப்படாது, எல்லாவற்றையும் சலனப்படத்தாலேயே கற்பிக்கலாம் என்று தோமஸ் எடிசன் 1913இலேயே சொல்லியிருந்தார்.

வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, இதற்கான பாடம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது நினைவுக்கு வந்தது. என் மூத்தம்மா, அதாவது உம்மாவின் உம்மா, மரப் பலகையில் ஓதப் பழகியவர். பலகையில் அலிஃப், பே எழுதிக் கொடுப்பார்களாம். அதை ஓதி ஒப்புவித்தால்தான் பலகையைக் கழுவ விடுவார்கள், கழுவினால்தான் அடுத்த பாடம். "பலகை படிப்பிக்கல்ல மகன், லெப்பைட பொண்டாட்டிதான் பக்கத்தில இருந்து படிப்பிச்ச" என்பார். பலகை அன்றைய தொழில்நுட்பம். அதை வைத்திருந்ததால் மட்டும் எவரும் ஓதக் கற்கவில்லை.

மூத்தம்மாவுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. ஆனால் அரபுத் தமிழ் வாசிப்பார். அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து, தமிழை அரபெழுத்தில் எழுதும் முறை அது. குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்பிள்ளைக்குச் சிறிது பழக்கிவிட்டால் மார்க்கச் சட்டத்தைத் தன் தாய்மொழியிலேயே வாசிக்கலாம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய 'பத்ஹுத் தய்யான்' அப்படி வாசிக்கப்பட்ட கிதாபுதான். தொழுகை, ஸகாத் பற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கேட்டால், மூத்தம்மா அதை விரித்து வாசித்து விளக்கம் சொல்வார். ஆனாலும் எங்கள் வீட்டில் அவரை "படிக்காத மனிசி" என்றுதான் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

இதன் மறுபக்கத்தை நமது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணத்தில் கண்டேன். 5 முதல் 69 வயது வரையான ஒருவர் தானாகக் கணினியைப் பயன்படுத்தினால் அவர் கணினி அறிவுள்ளவர். 5 வயதுப் பிள்ளை கணினியில் விளையாடத் தெரிந்திருந்தாலும் போதும் என்று திணைக்களமே உதாரணம் தருகிறது. கணக்கெடுப்புக்கு எங்கேயாவது ஒரு கோடு போடத்தான் வேண்டும், அதில் குறை காண நான் வரவில்லை. நான் சொல்வது, அந்தக் கோட்டைத்தான் நாமும் மனதுக்குள் போட்டு வைத்திருக்கிறோம் என்பதே. விரல் ஓடினால் அறிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கிதாபை வாசித்து விளக்கிய மூத்தம்மா படிக்காதவர், விளையாட்டுத் திரையில் விரல் ஓடும் பேரன் அறிந்தவன்.

நம் சமூகத்துக்கு இந்த வித்தியாசம் விளங்க வேண்டும். குர்ஆனைத் தடங்கலின்றி ஓதும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரியும் என்று எந்த ஆலிமும் சொல்லமாட்டார். ஓதுவது ஒரு படி, விளங்குவது இன்னொரு படி, இரண்டுக்கும் உஸ்தாத் வேண்டும் என்று அறிந்தவர்கள் நாம். தொலைபேசி விடயத்தில் மட்டும் அது மறந்துபோகிறது.

எதிர்த்திசையிலும் ஓர் எடுகோள் உண்டு: புதியது பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிப் பாடசாலைகளுக்கு அனுப்பினால் பிள்ளைகளின் ஈமான் போய்விடும் என்று நம் முன்னோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு நியாயமான காரணம் இருந்தது, ஏனென்றால் அப்பாடசாலைகளில் கல்வியும் மதமாற்றமும் சேர்ந்தே நடந்தன. எம்.சி. சித்திலெவ்வை (1838–1898) அந்த அச்சத்தைப் பரிகசிக்கவுமில்லை, அதற்குப் பணிந்துபோகவுமில்லை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆனால் அச்சு வந்துவிட்டது, இனிச் சமூகம் தானே படித்துக்கொள்ளும் என்று அவர் இருந்துவிடவில்லை. நாடுகடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த அராபி பாஷாவின் ஆதரவோடும் வாப்பிச்சி மரைக்காரின் உழைப்போடும் 1892இல் மருதானையில் ஒரு மத்ரஸாவை உருவாக்கினார். பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். புதிய கல்வியைப் பிள்ளைக்குக் கொடுப்பதானால் அதைக் கற்பிக்கும் இடத்தையும் ஆளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதை அவர் செயலில் காட்டினார்.

இப்போது ஆசிரியர் அறையில் பேச்சு மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பிறகு, "ஒண்டையும் சொந்தமா எழுதிறல்ல, எல்லாம் ஏ.ஐ.தான்" என்கிறோம். அடுத்த மூச்சில், "நாம என்ன சொல்லிக் குடுக்கிற, அவங்களுக்கு நம்மள விடக் கூடத் தெரியும்" என்கிறோம். முதலாவது அவர்களைக் குற்றவாளியாக்குகிறது, இரண்டாவது எங்கள் பொறுப்பிலிருந்து எங்களை விடுவிக்கிறது. சென்ற தவணை என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஏ.ஐ. ஓர் ஆண்டையோ பெயரையோ பிழையாகச் சொல்லும் என்பது அரைவாசிப் பேருக்கு மேல் தெரியாது. தெரிந்தவர்களிலும், எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். பெண்பிள்ளைகளில் பலருக்கு இன்னமும் சொந்தமாகப் போன் கிடையாது, நானாவின் கையிலிருந்து வாங்கித்தான் பார்க்கிறார்கள். இவர்களை எல்லாம் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்க முடியாது.

ஆகவே இப்போது ஒரு வகுப்பைப் பொறுப்பேற்றால் முதல் வாரத்திலேயே மூன்று விடயம் கேட்கிறேன். போன் யாருடையது? எத்தனை மணிக்குக் கைக்கு வரும்? அதில் என்ன செய்யத் தெரியாது? மூன்றாவது கேள்விக்குப் பதில் வர நேரமெடுக்கும், ஏனென்றால் தெரியாது என்று சொல்ல அந்த வயதில் வெட்கம். அந்த வெட்கத்தை வளர்த்ததில் "உங்களுக்கெல்லாம் தெரியும்தானே" என்ற எங்கள் பேச்சுக்கும் பங்குண்டு. வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் ஜும்ஆவுக்கு முன் கிடைக்கும் அரை மணி நேரத்தில் நாலைந்து பேரை இருத்தி, ஒரு கோப்பைச் சேர்ப்பது, ஒரு தகவலை இரண்டு இடத்தில் பார்த்து ஒப்பிடுவது என்று காட்டிக் கொடுக்கிறேன். பல நாட்களில் நானும் அவர்களிடமிருந்து ஏதாவது பழகிக்கொள்கிறேன்.

அன்று அறிக்கையில் எழுதியதைத் திருத்த அதிபரிடம் கேட்டேன். அது ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தது. வாப்பா அதை வாசித்துவிட்டு அவனுக்கு ஒரு மாதம் போன் கொடுக்கவில்லை என்று பிறகு அறிந்தேன். அவன் வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர், அவனும் ஒண்டும் சொல்லல்லயே" என்றார். அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என் போனை எடுத்து அவனைப் பக்கத்தில் இருத்தி, எட்டுப் பக்கத்தை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று காட்டினேன். இரண்டு நிமிஷம்கூட எடுக்கவில்லை.