ஐந்து மைல் நடையில் ஒரு பள்ளிக்கூடம்

அரையாண்டுக் கணக்கு முடிப்பு என்று இரண்டு வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியவில்லை. எழுத நினைத்த விஷயம் என்னவோ மே மாதத்திலிருந்தே மனதில் கிடக்கிறது.

எங்களைப் போல மாற்றலில் அலைகிறவர்கள் வீட்டில் கோடை வந்தால் ஒரே பேச்சுதான். புது ஊர், புதுப் பள்ளிக்கூடம், டொனேஷன், இரண்டாவது மொழியாக எதை எடுப்பது. இந்த முறை பக்கத்து வீட்டு நண்பர் (அவரும் நம்மூர்க்காரர்தான், திருநெல்வேலி) சொன்னார்: "பேசாம வீட்டுலயே வச்சுச் சொல்லிக் குடுத்துட்டா என்ன சார்? காந்தியே தன் பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலையே!"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து 'சத்திய சோதனை'யை எடுத்து அந்த அத்தியாயங்களை மட்டும் மறுபடி படித்தேன். கல்லூரியில் படித்தபோது இதெல்லாம் கண்ணில் பட்டதாக நினைவே இல்லை. பிள்ளை பெற்ற பிறகு படிப்பது வேறு மாதிரி இருக்கிறது.

1897 ஜனவரியில் காந்தி டர்பனில் குடும்பத்தோடு இறங்கியபோது கூட மூன்று சிறுவர்கள். அக்காள் மகனுக்குப் பத்து வயது, ஹரிலாலுக்கு ஒன்பது, மணிலாலுக்கு ஐந்து. எங்கே படிக்க வைப்பது? வெள்ளையர் பள்ளியில் அவர் பிள்ளைகளுக்கு மட்டும் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடையாது. ஊருக்கு இல்லாதது என் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டார். மிஷன் பள்ளிகளில் எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் பிடிக்கவில்லை. குஜராத்தி வாத்தியார் கிடைக்கவில்லை. விளம்பரம் கொடுத்து மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கிலேய ஆசிரியையை வைத்துப் பார்த்தார். அதிலும் திருப்தியில்லை. மிச்சம் அவரே.

அவருக்கோ வக்கீல் தொழில், அதற்கு மேல் பொது வேலை. கஸ்தூர்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆக, வீட்டில் பாடம் என்பது முழுக்க முழுக்க அப்பாவுக்குக் கிடைக்கும் நேரத்தை நம்பித்தான் இருந்தது. அந்த நேரம் ஒரு நாள் கிடைக்கும், நாலு நாள் கிடைக்காது.

பிறகு ஜோஹன்னஸ்பர்க் வாழ்க்கை. அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்து போவார், நடந்தே வருவார். போக வர ஏறக்குறைய ஐந்து மைல். பிள்ளைகளும் கூடவே நடக்க வேண்டும். வழியெல்லாம் குஜராத்தியில் பேசிக்கொண்டு போவதுதான் பாடம். (ஹரிலால் அப்போது இந்தியாவில் இருந்தார்.) வீட்டிலேயே தங்கியிருந்த நண்பர் போலக், சின்ன வயதிலிருந்தே ஆங்கிலம் பேசிப் பழகினால் பிள்ளைகள் முன்னுக்கு வருவார்களே என்று வாதாடிப் பார்த்தார். காந்தி மசியவில்லை. ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும், தாய்மொழி அப்படி வராது என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் நான் காந்தி கட்சிதான். வெளி மாநிலத்தில் குழந்தை வளர்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை!

ஆனால் நடையில் பேச யாராவது குறுக்கே வந்துவிட்டால் அன்றைக்குப் பாடம் போச்சு. இதையும் அவரே எழுதியிருக்கிறார். தினமும் ஒரு மணி நேரம், தவறாமல், எழுத்துப் படிப்புக்கென்று ஒதுக்கியிருந்தால் நல்ல கல்வி கொடுத்திருக்கலாம், அதைச் செய்யத் தவறிவிட்டேன், அது எனக்கும் பிள்ளைகளுக்கும் வருத்தம் என்கிறார். பட்டம் பெற்றவர்களைப் பார்க்கும்போது பிள்ளைகள் தங்கள் குறையை உணர்ந்ததையும் மறைக்கவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ரெக்கரிங் டெபாசிட்டில் பாதித் தவணை கட்டாமல் விட்டுவிட்டு முதிர்வு நாளில் கவுண்ட்டருக்கு வந்து நிற்பவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான்.

மற்ற மகன்கள் பொறுத்துக்கொண்டார்கள். மணிலால் 1920லிருந்து 1956இல் இறக்கும் வரை 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நடத்தினார். தேவதாஸ் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியரானார், ராஜாஜிக்கு மாப்பிள்ளையும் ஆனார். ஹரிலாலால் மட்டும் முடியவில்லை. அப்பாவின் போராட்டத்தில் பல முறை சிறைக்குப் போன பிள்ளை அவர். லண்டன் போய் பாரிஸ்டர் ஆக ஆசை. பிராண்ஜீவன் மேத்தா படிப்புச் செலவை ஏற்க முன்வந்தபோது காந்தி அனுப்பியது உறவுக்காரர் சகன்லாலை. அவர் உடம்பு சரியில்லாமல் திரும்பியதும் அடுத்து அனுப்பியது சோராப்ஜி என்ற பார்சி இளைஞரை. 1911இல் ஹரிலால் வீட்டை விட்டுக் கிளம்பி, இந்தியாவுக்கு வந்து, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து மெட்ரிகுலேஷனுக்குப் படித்தார். தேறவில்லை. பிறகு வாழ்க்கையே தடம் புரண்டது. 1948 ஜனவரியில் அப்பா போனார், ஜூனில் மகன்.

கொள்கை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சலுகை வேண்டாம் என்றவரின் கணக்கு நேர்மையானது. ஆனால் அந்தக் கணக்கில் பிள்ளையைக் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. அதில் நம்மவர்கள் வருகிறார்கள். 1910இல் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, தமிழர்கள் நிறையப் பேர். காலையில் தோட்ட வேலை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூடம். வாத்தியாருக்கும் தூக்கம், பையன்களுக்கும் தூக்கம். கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு நடத்தியிருக்கிறார்கள். ஆனாலும் அதற்கென்று ஒரு நேரம் இருந்தது.

அங்கே தமிழ் வாத்தியார் யார் தெரியுமா? காந்தியேதான்! கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கையேட்டை வைத்துக் கற்றுக்கொண்ட தமிழ், அதைத் தாண்டிப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கோ பேச வரும், எழுத்து தெரியாது. இவர் எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் அந்த மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள். தன் அறியாமையை மறைக்காததால் சங்கடமே வரவில்லை என்று எழுதுகிறார்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடுவோம் சார்" என்று சிரித்தார். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

தமிழ் மட்டும் வீட்டில். இதுவரை 'ஞாயிற்றுக்கிழமை வகுப்பு' என்று பெயர், மாதத்தில் மூன்று ஞாயிறு ஏதாவது காரணத்தால் போய்விடும். இந்த வாரத்திலிருந்து தினமும் இரவு எட்டரைக்கு அரை மணி நேரம் என்று மாற்றியிருக்கிறேன். நேற்று நாலாவது நாள். மகளுக்கு ஞ, ங இரண்டும் இன்னும் குழம்புகின்றன. ஒற்று எங்கே மிகும் என்று அப்பாவுக்கும் சரியாகத் தெரியாது என்பதை அவள் அதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.